தீராத வலிக்குக் கடும் குளிசை: எடுப்பதா, விடுவதா?

புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் காலையில் ஐந்து நிமிடம் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். லொறியிலிருந்து இறங்கும் ஐம்பது கிலோ சீனி மூட்டை ஒரு மனிதனின் முதுகில் ஏறித்தான் கடைக்குள் போகிறது. கெய்சர் வீதிப் பக்கம் வந்தால் மூட்டைக்குப் பதிலாகத் துணிப் பொதி. இருபது வருடம் இப்படிச் சுமந்த ஒரு நாட்டாமியின் இடுப்பு எந்த நிலையில் இருக்கும் என்று சொல்ல எக்ஸ்ரே தேவையில்லை. நாள் முழுக்க நின்று துணி அளக்கும் சேல்ஸ்மேனின் முழங்காலும், குனிந்தபடி தையல் மெஷின் மிதிக்கும் சகோதரியின் கழுத்தும் அப்படித்தான்.

நான் வைத்தியர் அல்ல. இந்தத் தெருக்களுக்குப் பக்கத்தில் பாமசியொன்றில் நீண்ட காலம் மருந்து கொடுத்தவன். அந்த மேசைக்குப் பின்னால் நின்றபோது கண்ட இரண்டு சம்பவங்கள்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தன.

முதலாவது, நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு நாட்டாமி. வெறும் மருந்துக் கார்ட் ஒன்றை மேசையில் வைத்தார். “நானா, கூட்டாளி ஒருத்தன் இதுல ரெண்டு தந்தான். வலி எங்க போனதுன்டே தெரியல்ல. ஒரு கார்ட் தாங்களேன்” என்றார். பார்த்தேன். ட்ரமடோல் ஐம்பது மில்லிகிராம். வைத்தியரின் சிட்டை அவரிடம் இல்லை. தர முடியாது என்றேன். “நீங்க தராட்டி வேற எடத்துல தருவாங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொன்னார்.

இரண்டாவது சம்பவம் எனது குடும்பத்தில் நடந்தது. என் மாமிக்குப் புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருந்தது. வைத்தியசாலையில் மொர்பின் குளிசை எழுதிக் கொடுத்திருந்தார்கள். பிள்ளைகள் அதை வீட்டுக்குக் கொண்டு வந்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு என்னிடம் ஓடி வந்தார்கள். “இதக் குடுத்தா உம்மா போதைக்கு அடிமையாகிடுவாங்களா? கடைசி நேரத்துல கலிமா சொல்ல நெனவு இல்லாமப் போயிடுமா?” மருந்துக் கடையில் வேலை செய்யும் நான் தெளிவாக ஒரு பதிலைச் சொல்லியிருக்க வேண்டும். “எதுக்கும் டொக்டரிடம் இன்னொரு தரம் கேளுங்கள்” என்று நழுவிவிட்டேன். பதினொரு நாட்கள் அந்த மருந்து அலுமாரியிலேயே கிடந்தது. அந்தப் பதினொரு இரவுகளும் மாமி தூங்கவில்லை.

மிகவும் யோசித்து எடுக்க வேண்டிய மருந்து ஒருவருக்குக் கூட்டாளியின் சட்டைப் பையிலிருந்து கிடைத்தது. தாமதமின்றிக் கொடுக்க வேண்டிய மருந்து இன்னொருவருக்கு அவரது வீட்டிலேயே மறுக்கப்பட்டது. இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மருந்துகள்தாம். எமது சமூகத்தில் இந்த இரண்டு தவறுகளும் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் நடக்கின்றன.

இவை என்ன மருந்துகள்?

அபின் செடியின் பாலிலிருந்து பிறந்த மருந்துகளும், அவற்றைப் போலவே வேலை செய்யும்படி ஆய்வுகூடத்தில் செய்யப்பட்ட மருந்துகளும் ஓபியொயிட் எனப்படுகின்றன. அபினின் வலி நீக்கும் குணம் பழங்காலத்திலிருந்தே மனிதனுக்குத் தெரியும். இப்னு சீனா தமது அல்-கானூன் நூலில் அதை வலி நிவாரணியாகவும் எழுதினார், அதன் ஆபத்தையும் எழுதினார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரீட்ரிக் செர்ட்டூர்னர் என்ற ஜேர்மனிய மருந்தாளர் அபினிலிருந்து மொர்பினைப் பிரித்தெடுத்தார். ட்ரமடோல் 1977இல் ஜேர்மனியில் விற்பனைக்கு வந்தது.

இன்று நாம் அடிக்கடி சந்திப்பவை நான்கு. கொடீன், பெரும்பாலும் பரசிட்டமோலுடன் கலந்து வருவது. ட்ரமடோல், தனியாகவும் பரசிட்டமோலுடன் சேர்ந்தும் வருவது. மொர்பின், புற்றுநோய் வலிக்கும் பெரிய சத்திரசிகிச்சைகளுக்கும் பயன்படுவது. நான்காவது பெண்டனில், தோலில் ஒட்டும் பட்டியாகவும் ஊசியாகவும் வருவது.

எமது உடலே எண்டோர்பின் எனும் வலி நீக்கியைச் சுரக்கிறது. அது மூளையிலும் முள்ளந்தண்டிலும் சில இடங்களில் போய் அமர்ந்து, வலிச் செய்தி மேலே போவதைக் குறைக்கிறது. ஓபியொயிட் மருந்துகளும் அதே இடங்களில்தான் அமர்கின்றன. ஆனால் அதே வகை இடங்கள், மூச்சைக் கட்டுப்படுத்தும் பகுதியிலும் குடலிலும் மனதுக்கு இதம் தரும் பகுதியிலும் உள்ளன. வலி குறையும்போதே மூச்சு மெதுவாவதும், மலம் இறுகுவதும், மனம் அந்த இதத்தைத் திரும்பத் தேடுவதும் இதனால்தான்.

‘போதை’ என்பதால் ஹராமா?

எங்களிடம் வந்தவர்கள் அதிகம் கேட்ட கேள்வி இது. போதைக்காக உட்கொள்வதும் நோய்க்காக உட்கொள்வதும் மார்க்கத்தில் ஒன்றல்ல. எமது நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் பெரும் இமாம் நவவி (ரஹ்) அவர்கள், அழுகிப்போன கையை வெட்டுவதற்காக ஒருவரின் சுயநினைவை நீக்கும் மருந்து கொடுக்கலாமா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, கூடும் என்பதே சரியான கருத்து என்று எழுதியுள்ளார்கள். மயக்க மருந்து கொடுத்து சத்திரசிகிச்சை செய்வதை நாம் எவரும் இன்று கேள்வி கேட்பதில்லை. அதே நியாயம்தான் இங்கும். தேவை உண்மையானதா, தேவையின் அளவோடு நிற்கிறதா, அதை விடத் தீங்கு குறைந்த வழி இருக்கிறதா என்பவையே கேள்விகள். நம்பகமான வைத்தியர் இம்மூன்றையும் பார்த்து எழுதிக் கொடுத்த மருந்தை உட்கொள்வது பாவமல்ல.

‘வலியைச் சகிப்பது ஸப்ர், மருந்து எடுப்பது ஈமானின் குறை’ என்று சொல்பவர்களும் உண்டு. பொறுமைக்கு நற்கூலி உண்டு. ஆனால் சிகிச்சை பெறும்படி எமக்குச் சொல்லித் தந்தவர்கள் நபி (ஸல்) அவர்களே. தவிர, இன்னொருவரின் வலிக்கு நாம் ஸப்ர் செய்ய முடியாது. மாமியின் விடயத்தில் நாங்கள் செய்தது அதைத்தான். வலி அவருக்கு, பொறுமை எங்களுக்கு என்றிருந்தோம்.

புற்றுநோய் வலிக்கு மொர்பினை மறுக்காதீர்கள்

உலக சுகாதார நிறுவனம் 1986ஆம் ஆண்டு புற்றுநோய் வலிக்கு ‘மூன்று படி’ வழிகாட்டலை வெளியிட்டது. முதற்படி பரசிட்டமோல் போன்றவை. இரண்டாம் படி கொடீன் போன்ற மிதமான மருந்துகள். மூன்றாம் படி மொர்பின். அது பின்னர் திருத்தங்களைக் கண்டது. ஆயினும் கடுமையான புற்றுநோய் வலிக்கு மொர்பின் அவசியம் என்பது மாறவில்லை.

இதை நடைமுறையில் செய்து காட்டியவர்கள் எமக்கு அயலில் உள்ள மலையாளிகள். 1993ஆம் ஆண்டு கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டொக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் அவரது சகாக்களும் வலி நிவாரண கிளினிக் ஒன்றைத் தொடங்கினார்கள். இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் மிகக் கடுமையாக இருந்ததால் நாடு முழுவதும் மருத்துவ மொர்பின் பாவனை வீழ்ந்து கிடந்த காலம் அது. மருந்து கசிந்து தெருவுக்கு வந்துவிடும் என்பதே அதிகாரிகளின் அச்சம். அந்த கிளினிக்கில் இரண்டு வருடங்களில் 1,723 நோயாளிகள் வாயால் உட்கொள்ளும் மொர்பினைப் பெற்று வீட்டில் வைத்துப் பாவித்தார்கள். துஷ்பிரயோகமோ வெளியே விற்ற சம்பவமோ ஒன்றேனும் கண்டறியப்படவில்லை என்று 2001ஆம் ஆண்டு லான்செட் ஆய்விதழில் எழுதினார்கள். பின்னர் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மலப்புறம் மாவட்டத்தில் அயலவர்களே தொண்டர்களாகி, படுக்கையிலிருக்கும் நோயாளிகளை வீடு வீடாகச் சென்று பராமரிக்கும் வலையமைப்பு வளர்ந்தது. 2008இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. எங்கள் ஊர்ப் பள்ளி நிர்வாகங்கள் படிக்க வேண்டிய பாடம் இது.

உலக நிலையையும் பாருங்கள். 2017இல் வெளியான லான்செட் ஆணைக்குழு அறிக்கையின்படி, உலகில் ஆண்டொன்றுக்கு விநியோகமான மொர்பின் அளவிலான 298.5 தொன் ஓபியொயிட் மருந்தில் வறிய நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது வெறும் 0.1 தொன். ஒரு பக்கம் வெள்ளம், மறு பக்கம் வரட்சி.

மொர்பின் கொடுத்தால் நினைவு போய்விடுமா? முதல் சில நாட்கள் தூக்கம் வரும். சரியான அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றினால் பெரும்பாலானோருக்கு அது குறைந்துவிடும். மொர்பின் உயிரை விரைவில் எடுத்துவிடும் என்பதும், சரியான அளவில் கொடுக்கும்போது, தவறான நம்பிக்கை. கடும் வலியாலும் நோயாளியின் நினைவு கலங்கும். மாமிக்குப் பன்னிரண்டாம் நாள் முதல் குளிசையைக் கொடுத்தோம். இரண்டு நாள் நன்றாகத் தூங்கினார். மூன்றாம் நாள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, “லுஹர் பாங்கு சொல்லிட்டாங்களா?” என்று கேட்டார். உட்கார்ந்தபடியே தொழுதார். அதற்குப் பின்னும் இரண்டு மாதம் எங்களுடன் பேசிக்கொண்டிருந்தார். பதினொரு நாட்களைத் திருப்பிக் கொடுக்க எவராலும் முடியாது.

இடுப்பு வலி வேறு கணக்கு

புற்றுநோய் வலியில் சரியாக இருப்பது, வருடக்கணக்கில் தொடரும் இடுப்பு வலியிலும் முழங்கால் வலியிலும் சரியாக இருக்க வேண்டியதில்லை. மூன்று மாதத்துக்கு மேல் தொடரும் வலியை நாட்பட்ட வலி என்கிறார்கள். இதில் ஓபியொயிட் எவ்வளவு உதவுகிறது?

அமெரிக்காவில் 240 பேரிடம் நடத்தி 2018ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு நேரடியாகப் பதில் தேடியது. அனைவருக்கும் நாட்பட்ட இடுப்பு வலி, அல்லது முழங்கால், தொடை மூட்டுத் தேய்வு வலி. ஒரு பாதிப் பேருக்கு மொர்பின் போன்ற மருந்துகள். மறு பாதிக்குப் பரசிட்டமோல், வீக்கம் குறைக்கும் மருந்துகள் போன்றவை. இரண்டாம் குழுவில் எதுவும் கைகொடுக்காதவர்களுக்கு மட்டும் கடைசிப் படியாக ட்ரமடோல் கொடுக்க இடமிருந்தது. பன்னிரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில் இரு குழுக்களுக்கும் வித்தியாசமில்லை. வலியின் அளவு இரண்டாம் குழுவுக்கே சற்றுக் குறைவு. பக்கவிளைவுகள் முதற்குழுவுக்கே அதிகம்.

அதே ஆண்டு, 96 ஆய்வுகளையும் 26,000க்கு மேற்பட்ட நோயாளிகளையும் ஒன்றுசேர்த்துப் பார்த்த இன்னொரு மீளாய்வு வெளிவந்தது. வெற்றுக் குளிசையோடு ஒப்பிடும்போது, பத்து சென்றிமீற்றர் வலி அளவுகோலில் ஓபியொயிட் தந்த கூடுதல் நன்மை சராசரியாக ஒரு சென்றிமீற்றருக்கும் குறைவு. சிலருக்கு நன்றாகவே உதவுகிறது. பலருக்குப் பெரிதாக எதுவும் இல்லை. யாருக்கு உதவும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது.

அப்படியானால் அந்த நாட்டாமிக்கு முதல் நாள் வலி எங்கே போனதென்றே தெரியாமல் போனது எப்படி? முதல் நாள் அப்படித்தான் இருக்கும். சில வாரங்களில் உடல் அதற்குப் பழகிவிடும். அதே அளவு போதாது. கூட்ட வேண்டும். கூட்டிக்கொண்டே போகும்போது சிலருக்கு நரம்புகள் முன்னை விட அதிகமாக வலியை உணரத் தொடங்கும். மருந்தே வலியை வளர்க்கும் நிலை அது. இன்னொரு பக்கம், வலி தெரியாத முதுகில் ஐம்பது கிலோவுக்குப் பதில் எழுபது கிலோ ஏறும். தேய்ந்த எலும்பு மேலும் தேயும்.

மூன்று சொற்கள், மூன்று நிலைகள்

இங்கே எம்மவர்கள் குழப்பிக்கொள்ளும் மூன்று விடயங்களைப் பிரித்துச் சொல்ல வேண்டும்.

பழக்கப்படுதல்: முன்பு ஒரு குளிசையில் குறைந்த வலிக்கு இப்போது இரண்டு தேவைப்படுவது.

உடல் சார்ந்திருத்தல்: சில வாரம் தொடர்ந்து எடுத்த பின் திடீரென நிறுத்தினால் வியர்வை, வயிற்றோட்டம், உடல் குடைச்சல், தூக்கமின்மை வருவது. ஒழுங்காக மருந்து எடுக்கும் நல்ல மனிதருக்கும் இது வரும். இது குற்றமல்ல. வைத்தியரின் மேற்பார்வையில் மெதுவாகக் குறைத்தால் கடந்துவிடலாம்.

அடிமைத்தனம்: தீங்கு என்று தெரிந்தும் நிறுத்த முடியாமல், வலி இல்லாதபோதும் மருந்தைத் தேடி அலைவது, அதற்காகப் பொய் சொல்வது, வீட்டுச் செலவுக் காசை எடுப்பது. நாட்பட்ட வலிக்காக ஓபியொயிட் எடுப்பவர்களில் 8 முதல் 12 வீதமானோர் இந்நிலைக்குப் போவதாக 2015இல் வெளியான மீளாய்வொன்று மதிப்பிட்டது. பெரும்பாலானோர் போவதில்லை என்பது உண்மை. ஆனால் பத்துப் பேர் கொண்ட ஒரு கடையில் ஒருவர் என்றால் அது சின்னக் கணக்கல்ல.

இந்தக் கணக்கை மறைத்ததால் வந்த அழிவை அமெரிக்கா கண்டது. பேர்டியூ எனும் மருந்து நிறுவனம் 1996இல் ஒக்சிகொன்டின் குளிசையைச் சந்தைக்குக் கொண்டு வந்து, இதில் அடிமையாகும் ஆபத்து குறைவு என்று வைத்தியர்களிடம் விளம்பரம் செய்தது. 2007இலும் 2020இலும் அந்த நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. குளிசையில் தொடங்கியவர்களில் பலர் ஹெரோயினுக்கும், பின்னர் கள்ளச் சந்தைப் பெண்டனிலுக்கும் போனார்கள். 2021இல் மட்டும் ஓபியொயிட் தொடர்பான மரணங்கள் 80,000ஐத் தாண்டின. அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 2022இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டல், நாட்பட்ட வலிக்கு ஏனைய சிகிச்சைகளுக்கே முன்னுரிமை என்கிறது. அதேவேளை, ஏற்கனவே எடுப்பவர்களுக்குத் திடீரென நிறுத்திவிடவும் வேண்டாம் என்கிறது.

ட்ரமடோல் ‘லேசான’ மருந்தா?

எங்கள் தெருக்களில் பரவியிருக்கும் பெரிய தவறான எண்ணம் இது. ட்ரமடோல் இரண்டு விதமாக வேலை செய்கிறது. ஓபியொயிட்டாக ஒன்று, மன அழுத்த மருந்துகளைப் போல மூளை இரசாயனங்களைக் கூட்டுவது இன்னொன்று. அதனால் அளவு கூடினால் வலிப்பு வரும். மன அழுத்தக் குளிசை எடுப்பவர்களுக்குச் சேர்த்துக் கொடுத்தால் நடுக்கம், காய்ச்சல், குழப்பம் என ஆபத்தான நிலை வரலாம். வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளின் உச்ச அளவே 400 மில்லிகிராம்தான். வயதானவர்களுக்கும் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் அதைவிடக் குறைவு.

கொடீனும் ட்ரமடோலும் ஈரலில் மாற்றமடைந்த பின்தான் முழுமையாக வேலை செய்யும். சிலரது உடல் மிக வேகமாக மாற்றிவிடும். அவர்களுக்குச் சாதாரண அளவே அதிகமாகிவிடும். இதனால்தான் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இவ்விரண்டையும் கொடுக்கக் கூடாது என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரசபை 2017இல் அறிவித்தது. பெரியவருக்கு எழுதிய குளிசையை உடைத்துப் பிள்ளைக்குக் கொடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சிட்டை கேட்டு வந்த அந்த நாட்டாமியை எட்டு மாதம் கழித்துக் கண்டேன். தெருவில் வலிப்பு வந்து விழுந்து, நெற்றியில் தையல். நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு கெப்சூல் வரை போயிருந்தார். மூன்று வேளைச் சாப்பாட்டுக் காசு அதற்கே போனது. “எனக்கு இடுப்பு வலி மட்டும்தான் இருந்திச்சி நானா” என்றார்.

எடுப்பதற்கு முன் கேட்க வேண்டியவை

உங்களுக்கோ வீட்டாருக்கோ வைத்தியர் இப்படியொரு மருந்தை எழுதினால் பயந்து கிழித்துப் போடவும் வேண்டாம், கேள்வியின்றி விழுங்கவும் வேண்டாம். இவற்றைக் கேளுங்கள்.

ஒன்று, எனது வலியின் காரணம் என்ன? நரம்பு அழுத்தமா, மூட்டுத் தேய்வா, சலரோகத்தால் வந்த நரம்பு எரிவா? நரம்பு வலிக்கு வேறு வகை மருந்துகளே முதலில் கொடுக்கப்படுகின்றன. காய்ச்சல், மெலிவு, கால் பலமிழத்தல், சிறுநீர் கட்டுப்பாடின்மை ஆகியவற்றோடு வரும் இடுப்பு வலியைக் குளிசையால் மூடி மறைக்கக் கூடாது. உடனே பரிசோதிக்க வேண்டும்.

இரண்டு, இதற்கு முன் என்னென்ன முயன்றோம்? பௌதிகச் சிகிச்சை, உடற்பயிற்சி, எடை குறைப்பு, சுமை குறைப்பு, பரசிட்டமோல் ஆகியவற்றை ஒழுங்காகச் செய்து பார்த்தோமா? டைக்லோபெனக் போன்ற வீக்க மருந்துகளும் தீங்கற்றவை அல்ல. இரைப்பைப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம். சீனி வருத்தமும் பிரஷரும் உள்ளவர்கள் அவற்றையும் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது.

மூன்று, இலக்கு என்ன? ‘வலி முற்றாகப் போக வேண்டும்’ என்பது நிறைவேறாத இலக்கு. ‘பள்ளிக்கு நடந்து போக வேண்டும், ஆறு மணித்தியாலம் தூங்க வேண்டும்’ என்பது அளந்து பார்க்கக்கூடிய இலக்கு.

நான்கு, எத்தனை நாளைக்கு? இரண்டு முதல் நான்கு வாரத்தில் திரும்பக் காட்டி, இலக்கை நெருங்கவில்லை என்றால் நிறுத்துவதற்கான திட்டம் முதல் நாளே இருக்க வேண்டும். தொடங்குவது எப்படி என்று கேட்கும்போதே முடிப்பது எப்படி என்றும் கேளுங்கள்.

ஐந்து, எனக்குக் கூடுதல் ஆபத்து உண்டா? முன்பு ஏதேனும் போதைப் பழக்கம், மன அழுத்தம், குறட்டையோடு மூச்சுத் திணறல், சிறுநீரக நோய், கர்ப்பம் எதுவானாலும் மறைக்காமல் சொல்லுங்கள். ‘டொக்டர் என்ன நினைப்பாரோ’ என்று மறைத்தால் இழப்பு எமக்கே. எடுக்கும் ஏனைய குளிசைகள் அனைத்தையும் பையோடு கொண்டு போய்க் காட்டுங்கள்.

எடுக்கத் தொடங்கினால்

தூக்கக் குளிசையுடனோ, பிரெகபலினுடனோ, மதுவுடனோ சேர்த்தால் மூச்சு நின்றுபோகலாம். இளைஞர்கள் சிலர் வேண்டுமென்றே இவற்றைச் சேர்க்கிறார்கள் என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும்.

மலச்சிக்கல் நாளடைவில் சரியாகும் பக்கவிளைவல்ல. முதல் நாளிலிருந்தே அதற்கான மருந்தைக் கேட்டு வாங்குங்கள். தலைச்சுற்றல் உள்ளவரை முச்சக்கர வண்டியோ லொறியோ ஓட்ட வேண்டாம். நேரம் நீடித்து வேலை செய்யும் குளிசைகளை உடைக்கவோ மெல்லவோ கூடாது. பன்னிரண்டு மணித்தியால மருந்து ஒரேயடியாக உடலில் இறங்கிவிடும். பெண்டனில் பட்டியின் மேல் சுடுதண்ணீர்ப் பை வைத்தாலும் அப்படித்தான். பரசிட்டமோல் கலந்த குளிசை எடுப்பவர் அதற்கு மேல் பனடோலும் போட்டால் நாளைக்கு நான்கு கிராம் எல்லையைத் தாண்டி ஈரல் பாதிக்கப்படும்.

ரமழானில் இன்னொரு ஆபத்து உண்டு. எமது நாட்டில் நோன்பு ஏறக்குறைய பதின்மூன்றரை மணித்தியாலம். பகலில் விட்ட அளவையும் சேர்த்து இப்தாருக்குப் பின் இரண்டு மூன்றாக விழுங்குபவர்களைக் கண்டிருக்கிறேன். அப்படிச் செய்யவே கூடாது. ரமழானுக்கு முன்பே வைத்தியரிடம் சொன்னால், பொருத்தமானவர்களுக்கு ஸஹருக்கும் இப்தாருக்கும் எடுக்கும் நீடித்த வகை மருந்துக்கு மாற்றித் தருவார். தோலில் ஒட்டும் மருந்துப் பட்டி நோன்பை முறிக்காது என 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி முடிவு செய்துள்ளது. நோன்பு நோற்க முடியாத அளவு நோயுள்ளவருக்கு மார்க்கம் தந்த சலுகையும் இருக்கிறது.

உம்ராவுக்கோ மத்திய கிழக்கில் வேலைக்கோ போகிறவர்கள் கவனிக்க: ட்ரமடோல், பிரெகபலின் போன்றவை அந்நாடுகளில் கடும் கட்டுப்பாட்டிலுள்ளவை. 2017இல் ட்ரமடோலுடன் எகிப்துக்குச் சென்ற பிரித்தானியப் பெண்ணொருவருக்கு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. சிட்டை, வைத்தியரின் கடிதம், தூதரகத்தில் முன்கூட்டிய விசாரிப்பு எதுவுமின்றிக் கொண்டு போகாதீர்கள். ‘அங்குள்ள கூட்டாளிக்குக் கொடுத்துவிடுங்கள்’ என்று யாராவது தரும் மருந்துப் பொதியைத் தொடவே வேண்டாம்.

எஞ்சிய குளிசைகளைப் பூட்டி வையுங்கள். இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள். அது உதவியல்ல. எமது நாட்டில் இம்மருந்துகள் நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகரமான ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தினதும் 2015ஆம் ஆண்டின் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டத்தினதும் பிடிக்குள் வருபவை. எவரேனும் எழுப்ப முடியாத தூக்கத்தில், கண்மணி ஊசிமுனையளவு சுருங்கி, மூச்சு மெதுவாகி, உதடு நீலமாகிக் கிடந்தால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். உடனே 1990 சுவசெரிய அம்பியூலன்ஸை அழையுங்கள். நலொக்சோன் எனும் மாற்று மருந்து வைத்தியசாலையில் உண்டு.

ஏற்கனவே சிக்கிக்கொண்டவர்களுக்கு

நாளைக்கே எல்லாவற்றையும் வீசிவிடுவேன் என்று சபதம் எடுக்காதீர்கள். இரண்டாம் நாள் உடல் படும் பாட்டில் மீண்டும் அதையே தேடுவீர்கள். வைத்தியரிடம் உண்மையைச் சொல்லிப் படிப்படியாகக் குறையுங்கள். 1926 இலக்கத்தில் தேசிய மனநல நிறுவகத்தின் உதவியைப் பெறலாம். வீட்டாருக்கு ஒரு வார்த்தை: ‘தூள்காரன்’ என்று பட்டம் வைத்துவிட்டால் அந்த மனிதன் திரும்பி வரும் வழியை நாமே அடைத்தவர்களாவோம்.

அந்த நாட்டாமி வைத்தியசாலைக் கிளினிக்கில் நான்கு மாதமாகக் குறைத்து விட்டுவிட்டார். ஆனால் அவரைக் காப்பாற்றியது வைத்தியம் மட்டுமல்ல. அவர் சுமை தூக்கிய கடையின் முதலாளி அவரைக் களஞ்சியத்தில் கணக்குப் பார்க்கும் கதிரையில் உட்கார வைத்தார். இடுப்பு வலி இன்னும் இருக்கிறது. பயிற்சி செய்கிறார், பொறுத்துக்கொள்ளும் அளவில் இருக்கிறது என்கிறார்.

வளர்ந்த ஆணொருவர் கையால் சுமக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சர்வதேச தொழில் அமைப்பு 1967லேயே பரிந்துரைத்தது. புறக்கோட்டையில் அது இன்னும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. ஒரு தள்ளுவண்டி, மூட்டைகளைப் பிரித்து ஏற்றும் ஒழுங்கு, மாதம் ஒரு நாள் கிளினிக்குக்குப் போகச் சம்பளத்தோடு லீவு. எமது வர்த்தகர்களுக்கு இவை பெரிய செலவல்ல. பள்ளி நிர்வாகங்களும் ஸகாத் நிதியங்களும் வலியால் படுத்திருப்பவர்களைத் தேடிச் செல்லும் ஒரு சிறு குழுவையாவது அமைக்கலாம். மலப்புறத்தில் தொடங்கியவர்களும் எம்மைப் போன்ற சாதாரண மனிதர்கள்தாம்.

நோயாளியின் வலியை முதலில் நம்புவோம். பிறகு அது எந்த வலி, எந்த மருந்து, எத்தனை நாள் என்று கேட்போம். புற்றுநோயோடு போராடும் ஒரு தாயின் மருந்தை அலுமாரியில் பூட்டி வைக்காமலும், உழைக்கும் ஒருவரின் இடுப்பு வலியைக் கூட்டாளியின் கார்ட்டுக்கு விட்டுவிடாமலும் இருக்க அல்லாஹ் எமக்குத் தெளிவைத் தரட்டும். நோயுற்ற அனைவருக்கும் பூரண சுகத்தை அருள்வானாக. ஆமீன்.